குளிரில் டீசல் உறையாமல் காப்பது: கலங்கும் முன் செய்ய வேண்டியவை

காலையில் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஐந்து பத்து நிமிடம் எந்தக் குறையும் தெரியாது. சாலைக்கு வந்து முதல் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இழுவை குறையும், திணறும், பிறகு அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிடிக்கும். இரண்டே நிமிடத்தில் மறுபடி நிற்கும். கடுங்குளிரில் இப்படி நடந்தால், பம்ப் போய்விட்டது, இன்ஜெக்டர் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். காகித மடிப்புகளுக்குள் வெளிறிய மெழுகு அப்பியிருக்கும். விரலால் தேய்த்தால் வழவழவென்று இழுபடும், கைச்சூட்டில் உருகிக் காணாமல் போகும்.

"டீசல் உறைந்துவிட்டது" என்று சொல்வதால் டேங்க் முழுக்கக் கட்டியாகிவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே வண்டி நின்றுவிடும். டேங்கில் இருக்கும் டீசல் அப்போதும் ஊற்றினால் ஓடும். ஃபில்டர் மட்டும் அடைத்திருக்கும். காமன் ரெயில் எஞ்சினில் (ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) பம்ப் இழுக்கும் டீசல் முழுவதும் எரிவதில்லை, ஒரு பெரும் பங்கு ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. ஆகவே எரியும் அளவைவிட அதிகமான டீசல் ஃபில்டரைக் கடக்கிறது, கடக்கும் ஒவ்வொரு லிட்டரும் தன் மெழுகை அங்கே விட்டுச் செல்கிறது. ஸ்டார்ட் ஆகும் வண்டி பத்து நிமிடத்தில் நிற்பதன் காரணம் இதுதான்.

இந்த மெழுகு வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல, கலப்படமும் அல்ல. டீசல் நன்றாக எரிவதற்குக் காரணமான நேர்ச்சங்கிலி பாரஃபின்களே குளிரில் மெழுகாகப் பிரிகின்றன. சீட்டேன் எண் என்று டீசலின் தரத்தை அளக்கிறோமே, அந்தச் சீட்டேன், அதாவது ஹெக்ஸாடெகேன், தனியாக இருந்தால் 18 டிகிரி செல்சியஸிலேயே உறையும் பொருள். 20 கார்பன் கொண்ட பாரஃபின் தனியாக இருந்தால் 36 டிகிரிக்கு மேல்தான் உருகும். மற்ற எண்ணெய்களில் கரைந்திருப்பதால் மட்டுமே இவை நம் டேங்கில் திரவமாக இருக்கின்றன. வெப்பம் குறையக் குறைய கரைதிறன் குறைகிறது, நீளமான சங்கிலிகள் முதலில் வெளியே வருகின்றன. எடையில் 2 சதவீதம் மெழுகு பிரிந்தாலே மீதி 98 சதவீதத்தையும் கூழாக்கிப் பிடித்துவைக்க அது போதும்.

கரைந்திருக்கும் மெழுகைக் கட்டுப்படுத்த வழிகள் பல உண்டு. படிகமாகிவிட்ட மெழுகுக்குச் சூடு ஒன்றுதான் மருந்து. கீழே சொல்லும் எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. டீசல் கூழாவதைத் தடுக்கும் நல்ல ஆன்ட்டி-ஜெல் மருந்தை வாங்கி ஊற்றியும் வண்டி நின்றது என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் அதை ஊற்றிய நேரத்தில்தான் தவறியிருப்பார்கள்.

மூன்று வெப்பநிலைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது கிளவுட் பாயின்ட்: தெளிந்த டீசல் கலங்கத் தொடங்கும் இடம். மூன்றாவது போர் பாயின்ட்: இதற்குக் கீழே போனால் டீசல் ஓடுவதையே நிறுத்திவிடும். இடையில் இருப்பது சிஎஃப்பிபி, ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலை. சோதனைக்கூடத்தில் இதை அளக்கும் முறை எளிது. 20 மில்லி டீசலை 45 மைக்ரான் கம்பி வலை வழியாக மெல்லிய வெற்றிட இழுப்பில் உறிஞ்சுவார்கள். ஒவ்வொரு டிகிரியாகக் குளிரவைத்து, 60 வினாடிக்குள் அந்த 20 மில்லி ஏறாமல் போகும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சோதனையில் உள்ள வலை 45 மைக்ரான். காமன் ரெயில் வண்டியின் இறுதி ஃபில்டரோ 2 முதல் 5 மைக்ரான் வரைதான். ஆகவே சிஎஃப்பிபி மைனஸ் 15 என்று எழுதியிருந்தால் மைனஸ் 15 வரை கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு டிகிரி முன்னதாகவே எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஐரோப்பாவின் ஈஎன் 590 தரத்தில் மிதமான காலநிலைக்கான வகுப்புகள் ஏ முதல் எஃப் வரை. ஏ வகுப்பின் சிஎஃப்பிபி பிளஸ் 5, எஃப் வகுப்புக்கு மைனஸ் 20. கடுங்குளிர் நாடுகளுக்கான வகுப்புகள் 0 முதல் 4 வரை. அவற்றில் சிஎஃப்பிபி மைனஸ் 20இல் தொடங்கி மைனஸ் 44 வரை போகிறது, கூடவே கிளவுட் பாயின்டுக்கும் தனி வரம்பு உண்டு. வட அமெரிக்காவில் நம்பர் 1, நம்பர் 2 என்று இரண்டு டீசல்கள். குளிரில் நம்பர் 1 தாங்கும், ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் கொஞ்சம் குறைவு.

பெட்ரோல் பங்க்குகளில் குளிர்கால டீசல் வந்துவிட்டது என்பதால் உங்கள் டேங்கில் இருப்பது குளிர்கால டீசல் என்று ஆகிவிடாது. மிக அதிகமாக மாட்டிக்கொள்பவை தினமும் ஓடும் வண்டிகள் அல்ல. ஜெனரேட்டர், டிராக்டர், கிரேன், எப்போதாவது எடுக்கும் கார், இவைதான். இவற்றில் கோடையில் நிரப்பிய டீசல் அப்படியே கிடக்கும். வெப்பமான சமவெளியில் நிரப்பிக்கொண்டு ஒரே நாளில் மலை ஏறும் லாரிக்கும் இதே கதிதான். முதல் கடுங்குளிருக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே கோடை டீசலைக் கால் டேங்குக்குக் கீழே வரும்வரை ஓட்டித் தீர்த்துவிட்டு, குளிர்கால டீசலால் டேங்கை நிரப்புங்கள். மருந்து வாங்குவதைவிட இது முக்கியம். அரை டேங்க் பழையது, அரை டேங்க் புதியது என்றால் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏதோ ஒரு தரம். அது எத்தனை டிகிரி தாங்கும் என்று எந்தப் பங்க் பலகையிலும் எழுதியிருக்காது.

அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டேங்கின் அடியிலிருந்தோ ஃபில்டரின் வடிகுழாயிலிருந்தோ அரை லிட்டர் டீசலை ஒரு தெளிவான கண்ணாடி ஜாடியில் பிடித்து, இறுக்கி மூடி, இரவு முழுக்க வெளியே வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், ஆவி சேர்ந்தால் ஆபத்து. பக்கத்தில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். விடியும் முன், குளிர் உச்சத்தில் இருக்கும்போது ஜாடியின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி நேராகத் தெளிந்து வந்தால் கிளவுட் பாயின்டுக்கு இன்னும் மேலேதான் இருக்கிறீர்கள். மூச்சு பட்ட கண்ணாடி போல மங்கலாகத் தெரிந்தால் மெழுகு பிரியத் தொடங்கிவிட்டது. ஜாடியைச் சாய்க்கும்போது மினுமினுக்கும் சன்னமான செதில்கள் சுழன்றால் படிகம் வளர்ந்துவிட்டது, அந்த வண்டியை அன்று நம்பி எடுக்க முடியாது. அடியில் வெள்ளையாக ஓர் அடுக்கு படிந்து, மேலே தெளிவாக இருப்பதும் உண்டு. மோசமான நிலை அதுதான். டேங்கில் டீசலை உறிஞ்சும் குழாய் அடியில்தான் இருக்கிறது. அது முதலில் இழுப்பது அந்த வெள்ளை அடுக்கைத்தான். இரண்டு மூன்று நாள் அசையாமல் நிறுத்திய வண்டி, தினமும் ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் நிற்பதும் இதனால்தான்.

ஆன்ட்டி-ஜெல் மருந்து என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதில்தான் குழப்பம் அதிகம். இவற்றில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் வினைல் அசிடேட் போன்ற பாலிமர்கள். மெழுகு பிரியும்போது இவை கூடவே ஒட்டிக்கொண்டு படிகத்தின் வளர்ச்சியைக் குலைக்கின்றன. அகலத் தட்டையாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டிய படிகம், பொடிப்பொடியாக நின்றுவிடுகிறது. அந்தப் பொடி ஃபில்டரில் படிந்தாலும் இடைவெளி வழியாக டீசல் கசிந்து போகும். அதாவது சிஎஃப்பிபியும் போர் பாயின்டும் இறங்கும், கிளவுட் பாயின்ட் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மருந்து கலந்த டீசலும் கலங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு மருந்து போலி என்று முடிவு செய்ய வேண்டாம்.

படிகம் பிறக்கும் அந்த நொடியில் பாலிமர் அங்கே இருந்தாக வேண்டும். எனவே டீசல் கிளவுட் பாயின்டைவிடக் குறைந்தது 5, 6 டிகிரி சூடாக இருக்கும்போதே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். முதலில் மருந்தை டேங்கில் ஊற்றி, அதன் மேல் டீசலை நிரப்புங்கள். விழும் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். நிரம்பிய டேங்கின் மேல் ஊற்றினால், குறைந்தது பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே வண்டியை நிறுத்துங்கள். அளவை லேபிளில் உள்ளபடி கணக்கிடுங்கள்: 1:500 என்றிருந்தால் 200 லிட்டருக்கு 400 மில்லி, 1:1000 என்றால் 200 மில்லி. இருமடங்கு ஊற்றினால் இருமடங்கு பலன் கிடைக்காது. இந்தப் பாலிமர்களும் குளிரில் கெட்டியாகும் பொருள்கள்தான், அளவு மீறினால் அவையே பாரமாகும். பாட்டிலை வண்டியின் டிக்கியில் போட்டுவைக்காமல் கேபினுக்குள்ளேயே வையுங்கள்.

எந்த மருந்தும் எல்லா டீசலிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கச்சா எண்ணெயைப் பொறுத்து மெழுகின் சங்கிலி நீளம் மாறுகிறது. வாங்கியதும் ஜாடிச் சோதனையை இரண்டு ஜாடிகளில் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் 1:500 கணக்குக்கு 2 மில்லி. சிரிஞ்ச் இருந்தால் அளப்பது எளிது. மருந்து இல்லாத ஜாடி கூழாகி, மருந்து கலந்தது கலங்கியபடியே ஓடினால் அந்த மருந்து உங்கள் டீசலுக்குப் பொருந்துகிறது.

மருந்தால் எட்ட முடியாத குளிருக்கு, மெழுகு குறைந்த எண்ணெயைக் கலந்து மெழுகின் பங்கையே குறைக்க வேண்டும். நம்பர் 1 டீசலோ தகுந்த மண்ணெண்ணெயோ 10 சதவீதம் கலந்தால் கிளவுட் பாயின்ட் சுமார் 2 டிகிரி இறங்கும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 30 சதவீதத்துக்கு 5, 6 டிகிரி எதிர்பார்க்கலாம். கிளவுட் பாயின்டையே கணிசமாக இறக்கும் ஒரே வழி இது. ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். மண்ணெண்ணெயில் வழவழப்பு குறைவு. உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. கந்தகம் அதிகமுள்ள மண்ணெண்ணெய் என்றால் புகைபோக்கியில் உள்ள டிபிஎஃப் (கரித்துகள் வடிகட்டி), எஸ்சிஆர் (யூரியாவால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது) அமைப்புகள் கெடும். புதிய வண்டிகளில் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காவிட்டால் கலக்கவே வேண்டாம். சில நாடுகளில் சாலை வண்டிக்கு வரியில்லாத எண்ணெய் ஊற்றுவது குற்றமும்கூட. கலப்பதானால், எடை குறைந்த மண்ணெண்ணெயை முதலில் ஊற்றி அதன் மேல் டீசலை ஊற்றுங்கள். கனமானது கீழே இறங்கும்போது இரண்டும் கலக்கும்.

பெட்ரோல் ஊற்றும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டீசலின் தீப்பற்று வெப்பநிலை ஈஎன் 590 தரப்படி 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே அது சடாரென்று விழுந்து, டேங்கின் மேல்வெளியில் நிற்கும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். மெத்தனால் ஊற்றுவதும் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அரிக்கும் வேலை.

எல்லா அடைப்பும் மெழுகு அல்ல. டீசலில் ஒதுங்கிய தண்ணீர் 0 டிகிரியிலேயே பனிக்கட்டியாகி வாட்டர் செபரேட்டரையும் மெல்லிய குழாய் வளைவுகளையும் அடைக்கும். வெளியே மைனஸ் 3, 4 டிகிரிதான், டீசல் நல்ல குளிர்கால வகை, இருந்தும் வண்டி நிற்கிறது என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஃபில்டர் கிண்ணத்தில் இருப்பதைக் கொஞ்சம் எடுத்து அறைச் சூட்டில் வையுங்கள். மெழுகு என்றால் கால் மணி நேரத்தில் உருகி டீசலோடு டீசலாகக் கலந்து தெளியும். பனிக்கட்டி என்றால் உருகி அடியில் உருண்டைத் துளிகளாக நிற்கும், ஆட்டினாலும் டீசலோடு சேராது. தொட்டால் மெழுகு மசியும், பனி நறநறக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் தண்ணீர் அடைப்புக்கு ஆன்ட்டி-ஜெல் ஊற்றிக் காத்திருப்பவர்கள் ஏராளம். குளிர்காலத்தில் செபரேட்டரை வாரம் ஒருமுறையாவது, எஞ்சின் சூடாக இருக்கும்போதே திறந்து வடித்துவிடுங்கள். இரவு நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்று குறைவு. அவ்வளவு டீசல் குளிர்வதற்கும் அதிக நேரம் பிடிக்கும்.

பயோடீசல் கலந்த எரிபொருளில் இன்னும் கவனம் தேவை. சோயாவிலிருந்து எடுத்த பயோடீசல் தனியாக 0 டிகிரியை ஒட்டியே கலங்கும், பாமாயிலிலிருந்து எடுத்தது அதற்குப் பத்து டிகிரிக்கும் மேலேயே கலங்கிவிடும். பயோடீசலில் உள்ள மோனோகிளிசரைடு போன்றவை கிளவுட் பாயின்டுக்கு மேலேயே பிரிந்து ஃபில்டரில் படியக்கூடும், சூடாக்கினாலும் முழுதாகக் கரையாது. குளிர் மாதங்களில் கலப்பு விகிதம் குறைவான எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

ஹீட்டர்களைப் பற்றி ஒரு பரவலான தவறான எண்ணம் உண்டு. பிளாக் ஹீட்டர் எஞ்சினைச் சூடாக்குகிறது, டீசலை அல்ல. இரவெல்லாம் அதைப் போட்டுவைத்தால் எஞ்சின் உடனே பிடிக்கும்; ஃபில்டர் அப்போதும் வெளிக்குளிரில்தான் இருக்கும். டீசலுக்கு உதவுபவை ஃபில்டர் தலையில் பொருத்தும் மின் ஹீட்டரும், கூலன்ட் சுற்றும் டேங்க் ஹீட்டரும்தான். ஃபில்டர் ஹீட்டர் உங்கள் வண்டியில் இருந்தால் குளிர் வருவதற்கு முன் அதன் ஃபியூஸையும் இணைப்பையும் சரிபாருங்கள், கோடையில் அது செத்துப்போனாலும் யாருக்கும் தெரியாது. ஃபில்டர் சேஸியின் பக்கவாட்டில் காற்று படும்படி இருந்தால் ஓடும்போதும் அடைக்கும். காற்று வெளி வெப்பநிலைக்குக் கீழே குளிரவைக்காது, ஆனால் வெகு சீக்கிரம் அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். குழாய்க்கும் ஃபில்டருக்கும் காப்புறை சுற்றுவது சிறு செலவில் நல்ல பலன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்றுவிட்டால், முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் கெடுவது இருக்கட்டும். டீசல் வராமல் சுழலும் உயர் அழுத்தப் பம்ப் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். அதிலிருந்து உதிரும் உலோகத் தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன் என எங்கும் போகும். ஒரு ஃபில்டரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை முழு எரிபொருள் அமைப்பையும் மாற்றும் வேலையாகும்.

கூரையும் சூடும் உள்ள இடத்துக்கு இழுத்துச் செல்வதுதான் சிறந்த வழி. எவ்வளவு சூடு தேவை என்று கணக்கிட்டுப் பாருங்கள். 200 லிட்டர் டீசல் சுமார் 168 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2 கிலோஜூல் வேண்டும். 20 டிகிரி ஏற்ற 6,700 கிலோஜூல், அதாவது 2 யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோவாட் ஹீட்டரின் சூடு முழுவதும் டீசலுக்கே போனால்கூட இரண்டு மணி நேரம். உண்மையில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். இதமான கொட்டகையில் இரவு முழுவதும் நிற்கவேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிளவுட் பாயின்டைத் தொட்டவுடன் மெழுகு கரைந்துவிடாது. பிரிந்த வெப்பநிலையைவிடப் பத்து டிகிரியாவது மேலே போனால்தான் முழுதாகக் கரையும். பாதி கரைந்த நிலையில் ஓட்டத் தொடங்கினால் மறுபடி நிற்பீர்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால், உறைந்த டீசலைக் கரைப்பதற்கென்று விற்கும் அவசர மருந்து வேண்டும். இது கரைப்பான் வகை. முன்தடுப்பு மருந்து இந்த நேரத்தில் உதவாது. லேபிள் அளவில் டேங்கில் ஊற்றி, பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதியதைப் போடுங்கள். முதல்நிலை ஃபில்டர் என்றால் அவசர மருந்தும் டீசலும் கலந்து நிரப்பி மாட்டலாம். இறுதி ஃபில்டரைக் கையால் நிரப்ப வேண்டாம், வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்குப் போய் நேராக இன்ஜெக்டரை அடையும். கை பிரைமரால் ஏற்றி ஏர் எடுங்கள். எஞ்சின் பிடித்ததும் லோடு கொடுக்காமல் இருபது நிமிடமாவது மெதுவாக ஓடவிடுங்கள். ரிட்டர்னில் திரும்பும் சூடான டீசல் டேங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றும். டேங்கைக் கவனிக்காமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே பத்து நிமிடத்தில் அடைக்கும். அதனால் இரண்டு ஃபில்டர், அவற்றின் வாஷர்கள், ஃபில்டர் கழற்றும் சாவி, கையுறை, டார்ச், இவை வண்டியிலேயே இருக்கட்டும்.

டேங்கின் அடியில் தீ மூட்டுவது உயிருக்கே உலை வைக்கும் செயல். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடித்தால் காற்றுக்குழாயிலேயே வெடிக்கும். பிளாஸ்டிக் ஃபில்டர் கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும். ஃபில்டர் உலோகமாக இருந்தால், துணி சுற்றி வெதுவெதுப்பான நீரை ஊற்றி, பிறகு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

எஸ்சிஆர் உள்ள வண்டிகளில் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும், அதற்கு வண்டியிலேயே ஹீட்டர் இருப்பதால் கவலை வேண்டாம். உறையும்போது சுமார் 7 சதவீதம் விரியும் என்பதால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். டீசல் மருந்தைத் தவறியும் அந்த டேங்கில் ஊற்றிவிடக் கூடாது.

மீண்டு வந்த வண்டியில் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த இரண்டு நாளும் செபரேட்டரை வடித்துப் பாருங்கள், உருகிய பனி அங்கே வந்து சேரும். அவசர மருந்தால் கரைந்த மெழுகு டேங்கிலேயேதான் இருக்கிறது, அடுத்த இரவின் குளிருக்கு அது மறுபடி பிரியும். ஆகவே டீசல் இன்னும் சூடாக இருக்கும் அன்றைக்கே முன்தடுப்பு மருந்தை அளந்து ஊற்றி, குளிர்கால டீசலால் டேங்கை நிரப்பி, அதிலிருந்து ஒரு ஜாடி எடுத்து இரவு வெளியே வைத்துப் பாருங்கள்.